கரண்டித் துப்பாக்கி

அந்த வீட்டில் உருப்படியாக இருந்த சாமான் எல்லாமே பெண் வீட்டுச் சாமான்.

தேக்கு பீரோ அவள் அப்பா கொடுத்தது. கட்டில் அவள் அம்மா கொடுத்தது. ஆளுயரக் கண்ணாடி அவள் அத்தை கொடுத்தது. சுவர்க் கடிகாரம் அவள் அண்ணன் கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள அங்கே இருந்தது மாப்பிள்ளை ஒருவர்தான்.

அவர் கண்ணாடிக்காரர். பஸ் நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் அவர் கைவண்ணம்தான் உட்கார்ந்திருக்கிறது. "என் கண்ணுக்குத் தப்பினது எதுவும் கெடையாது" என்பது அவர் நாளைக்கு நாலு தரம் சொல்லும் வசனம்.

அவர் மனைவிக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சாமான் அறைப் பொறுப்பு. பெஞ்சிலிருந்து பந்து வரை, விழா மேடைத் திரையிலிருந்து அணிவகுப்புச் சாமான் வரை எல்லாம் அவள் சாவிக்கொத்துக்குள் அடக்கம். அவளுக்கென்று வசனம் எதுவும் கிடையாது. சாவிக்கொத்துதான் அவ்வப்போது கொஞ்சம் சத்தம் போடும்.

மாதம் ஒரு தடவை அண்ணன்காரர் வருவார். வந்ததும் நேரே பீரோவிடம் போவார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் அதை இரண்டு தட்டு தட்டுவார்.

"தேக்கு, மாப்ள! இந்த மாதிரி மரம் இப்ப எங்க கெடைக்குது?"

"கெடைக்காது மச்சான்."

"உங்க வீட்டுப் பக்கம் இப்படி ஏதாவது...?"

கேள்வி எப்போதும் அந்த இடத்தில் நின்றுவிடும். மீதியைச் சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். ஒரு நாள், என்றைக்காவது ஒரு நாள், தன் வீட்டுப் பக்கத்திலிருந்தும் ஒரு சாமான் வந்து இந்த மச்சான் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை.

அந்த ஆசையை அவருடைய சித்தப்பா நிறைவேற்றி வைத்தார், போகிற போக்கில்.

சித்தப்பா பழைய ராணுவக்காரர். கல்யாணமே செய்துகொள்ளாமல் கடைசி வரை தனிக்கட்டையாக இருந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஓய்வு பெற்றபோது ராணுவம் அவருக்கே கொடுத்துவிட்ட பழைய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதை அண்ணன் மகனுக்கென்று விட்டுப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்து, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி, ஒரு தோட்டாகூட இல்லாத அந்த நீளத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

வாசலிலேயே நின்று முழங்கினார்.

"இவளே! இன்னையிலேருந்து இந்த வீட்டுச் சரித்திரமே மாறப் போவுது!"

"மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தொடச்சேன். அப்புறம் மாத்தலாம்."

அவர் செருப்பைக் கழற்றினார். ஆனால் உற்சாகத்தைக் கழற்றவில்லை. உள்ளே வந்ததும் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஞாயித்துக்கெழமை கண்டிப்பா வரணும். எங்க வீட்டுப் பக்கத்துச் சொத்து ஒண்ணு வந்திருக்கு. மதிப்புப் போட ஆள் வர்றாங்க... ஆமா, துப்பாக்கி. நம்ம சித்தப்பா சுட்டது. என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! அவர் குறி தவறாத ஆளு மச்சான். ஈ பறந்து போச்சுன்னா, எந்த ரெக்கையில சுடட்டும்னு எதிரிகிட்டயே கேட்டுட்டுச் சுடுவார்!"

அடுத்ததாக, பழைய ஆயுதங்களை மதிப்பிடுவதில் பெயர்பெற்ற ஓர் ஏலக் கடைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். எல்லா ஏற்பாடும் முடித்த பிறகுதான் துப்பாக்கியைப் பார்க்க உட்கார்ந்தார். அவர் வழக்கமே அதுதான்.

சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். இரும்பில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. ஓர் அம்பு தெரிந்தது. ஓர் எண் தெரிந்தது. கையால் முன்னும் பின்னும் இழுக்கும் பிடியிலும் அதே எண். குழலிலும் அதே எண்.

"இங்க பாரு! தொட்ட எடமெல்லாம் ஒரே நம்பர். ராசியான நம்பரா இருக்கும்போல!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "ராசியெல்லாம் இல்லீங்க. எங்க ஸ்கூல்ல மேஜைக்கும் அதோட ட்ராயருக்கும் ஒரே நம்பர்தான் போடுவோம். ஒண்ணோட பொறந்தது இன்னும் ஒண்ணாவே இருக்குன்னு அர்த்தம். எதையும் கழட்டி மாத்தலை."

"உனக்கு மேஜை தெரியும். துப்பாக்கி தெரியுமா? சும்மா இரு."

சும்மா இருந்தாள். அவர் மரக்கட்டைப் பக்கம் வந்தார். தோளில் சாய்த்துப் பிடிக்கும் அந்த அகலமான பகுதியில், வலது பக்கம், கத்தியால் ஏதோ செதுக்கியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு மூச்சு முட்டியது.

"முத்திரை! ராணுவ முத்திரை! இவளே, இது செங்கோல்! தலையில உருண்டை, கீழ நீளமாத் தண்டு..."

"கரண்டி."

"என்னது?"

"குழிக்கரண்டிங்க. அடுப்படியில நம்ம ஆணியில தொங்குதே, அதேதான்."

பூதக்கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் கரண்டி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல வெளிச்சத்தில் இன்னும் நல்ல கரண்டி.

பூதக்கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். காரணம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். சித்தப்பா ராணுவத்தில் இருந்தது உண்மை. ஆனால் எல்லையில் அல்ல, அடுப்பில். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவர் ராணுவச் சமையல்காரர். சமையல்காரருக்கும் ஒரு துப்பாக்கி கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் துப்பாக்கிகளில் தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க அவர் ஓர் அடையாளம் போட்டுவைத்தார். மற்றவர்கள் புலி போட்டார்கள், வாள் போட்டார்கள். அவர் மனசுக்குத் தோன்றியதைப் போட்டார்.

ஈயின் இறக்கையில் சுட்டவர் துப்பாக்கியில் குழிக்கரண்டி! மச்சான் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும்.

கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். உப்புத்தாள் வாங்கி அந்தக் கரண்டியைத் தேய்த்து எடுத்துவிடுவது. எடுத்த கையோடு இரும்பையும் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, துப்பாக்கியையே புத்தம்புதுசாக ஆக்கிவிடுவது.

"கரண்டியச் சுரண்டப் போறேன்" என்று அறிவித்தார்.

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க. நீங்க குளிச்சிட்டிருந்தப்ப அந்த ஏலக் கடையிலேருந்து போன் வந்துச்சு. மதிப்புப் போட வர்ற அம்மாதான் பேசினாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? 'வர்ற வரைக்கும் துப்பாக்கியத் தொடாதீங்க. துணி வச்சுத் தொடைக்கக்கூட வேணாம். பழைய நிறமும் பழைய தழும்பும்தான் அதுக்கு விலையே. தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டா அப்புறம் அது விறகு'ன்னாங்க."

கண்ணாடிக்காரர் கடகடவென்று சிரித்தார்.

"இதத்தாண்டி வியாபாரத் தந்திரம்னு சொல்றது! அழுக்கா இருந்தாத்தானே அடிமாட்டு விலைக்குக் கேக்கலாம்? நான் தொழில்ல இருக்கிறவன். கீறல் விழுந்த கண்ணாடிய எவன் வாங்குவான்? பழைய ஃப்ரேம நான் மெருகு போடாம வித்ததா சரித்திரம் உண்டா?"

"கண்ணாடி வேற, துப்பாக்கி வேறங்க."

"எல்லாம் பொருள்தானே! பொருள்னா பளபளன்னு இருக்கணும்."

அவள் கிட்ட வந்து நின்றாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தேனே, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு விஷக் காய்ச்சல். பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருந்த சமயம். கண்ணாடிக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. வைத்த இரண்டு தடவையும் பாத்திரம் கருகியது. தொற்றும் என்று பயந்து சொந்தபந்தம் ஜன்னலோடு விசாரித்துவிட்டுப் போனது. சித்தப்பா மட்டும் ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்து இறங்கினார். அவள் எழுந்து நடக்கும்வரை மூன்று வேளையும் அவர் கைச் சாப்பாடு ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒரு வேளையும் ஆறிப் போய் வந்ததில்லை.

"எனக்கு ஒரு வாய்கூட எறங்காதப்ப, பக்கத்துல உக்காந்து 'இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரே ஒரு கரண்டி'ன்னு சொல்லிச் சொல்லியே என்னைப் பொழைக்க வச்சாரு. அந்தக் கரண்டியையா சுரண்டப் போறீங்க?"

கண்ணாடிக்காரருக்கு மனசு இளகியது. இளகியது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவதும் உண்மை.

"நன்றி எனக்கும் இருக்கும்மா. நன்றிங்கிறது மனசுல இருந்தாப் போதாதா? மரத்துல வேற இருக்கணுமா?"

அவள் மறுத்தாள். அவர் பிடிவாதம் பிடித்தார். மறுநாள் காலையிலும் அவள் மறுத்தாள். அன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, திடீரென்று சம்மதித்துவிட்டாள்.

"சரி, உங்க இஷ்டம். சொத்து உங்களது. ஆனா வீட்டுக்குள்ள தூசி ஆகக்கூடாது. கொல்லைப்பக்கம் வச்சுச் செய்ங்க. உப்புத்தாளும் வார்னிஷும் நாளைக்கு வாங்கிட்டு வந்துடுங்க. துப்பாக்கிய நான் துணியில சுத்தித் தயாரா வைக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு விஷயத்தில் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை தலையாட்டியதே கிடையாது. எந்தக் கணவனும் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். நம் கண்ணாடிக்காரர், பாவம், தன் வாதத்திறமைதான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அவர் உப்புத்தாளோடு வந்தபோது கொல்லையில் ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, துணியில் சுற்றிய துப்பாக்கி எல்லாம் தயார். மனைவி கையில் டீ வேறு. அவள் ஆள்காட்டி விரலில் புதுசாக ஒரு பிளாஸ்திரி இருந்தது.

"விரல்ல என்ன?"

"கத்தி பட்டுடுச்சு."

"பாத்துப் பண்ணக் கூடாதா?"

"பழக்கமில்லாத வேலை செஞ்சா அப்படித்தான்" என்றாள் அவள். இருபது வருஷமாகக் காய் நறுக்குகிறவளுக்கு என்ன பழக்கமில்லை என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏங்க, ஒரு நிமிஷம். கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. தூசி பறக்கும். கீறல் விழுந்துடும்."

கீறல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கண்ணாடிக்காரருக்கு உடம்பே நடுங்கும். சட்டென்று கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவருக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாமல் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது எழுத்தா எறும்பா என்று தெரியாது. ஆனால் தேய்ப்பதற்குக் கண் எதற்கு? கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வழுவழுப்பான கட்டையில் கரண்டி தட்டுப்பட்டது. வெற்றி!

தேய்த்தார் தேய்த்தார், அப்படித் தேய்த்தார். துளி நேரத்தில் கரண்டி காணாமல் போனது. உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று மரம் எட்டிப் பார்த்தது மங்கலாகத் தெரிந்தது.

"பாத்தியா! என்னமோ காலங்காலமா இருக்கிற தழும்புன்னு சொன்னியே. உள்ள நேத்து செதுக்கினாப்ல இருக்கு!"

"அப்படியா?" என்றாள் அவள். "நல்ல மரம்போல."

"எங்க வீட்டு மரம்னா சும்மாவா!"

தோள் வலிக்க வலிக்க இரும்பைத் தேய்த்தார். மூச்சு வாங்க வாங்க வார்னிஷ் அடித்தார். வலித்த தோளுக்கு அவள் தைலம் தேய்த்துவிட்டாள்; காயவைக்க இடம் ஒழித்துக் கொடுத்தாள்; பளபளப்பைப் பல கோணத்தில் போட்டோ வேறு பிடித்தாள். இவ்வளவு ஒத்தாசையான மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அவர் உருகிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மச்சான் வந்தார். வந்ததும் பீரோவைத் தட்டினார்.

"தேக்கு, மாப்ள!"

"இருக்கட்டும் மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர், ராஜ தோரணையில். "இன்னைக்கு இங்க வேற ஒரு மரம் பேசப்போவுது."

மதிப்பீட்டு அம்மாள் வந்தார். ஒல்லியான, நரைத்த, அவசரமே இல்லாத பெண்மணி. வெள்ளைக் கையுறை, ஒரு சின்ன விளக்கு, ஒரு மெல்லிய குச்சி. அவ்வளவுதான் அவர் ஆயுதம். மேஜைமேல் பட்டுத் துணியை விலக்கிக் கண்ணாடிக்காரர் காட்டினார். துப்பாக்கி ஜன்னல் வெளிச்சத்தில் தகதகவென்று மின்னியது. மச்சானே ஓர் அடி பின்வாங்கினார்.

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். தலைவலிக்காரர் வெயிலைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"யாரு வார்னிஷ் அடிச்சது?"

"ஐயாதான்!" என்று கண்ணாடிக்காரர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் கையுறையைச் சரிசெய்துகொண்டார். குச்சியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். அது இரண்டு விரற்கடை போய் 'டொக்' என்று நின்றது. விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிடியை இழுத்துப் பார்த்தார். பிறகு ரொம்பப் பதமாகக் கேட்டார்.

"இதுலதான் உங்க சித்தப்பா சுட்டாரா?"

"குறி தவறாம!"

"தவறவே வாய்ப்பில்ல. குழல்ல ஈயம் காய்ச்சி ஊத்தி அடைச்சிருக்கு. இது பயிற்சித் துப்பாக்கிங்க. ராணுவத்துல கழிச்ச துப்பாக்கிய இப்படி அடைச்சு, பசங்க அணிவகுப்புக்குன்னு பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்துடுவாங்க. இதுக்கு மதிப்புன்னு பாத்தா..." அந்த அம்மாள் பார்வை அறையைச் சுற்றி வந்து பீரோவின் மேல் நின்றது. "அந்த பீரோவோட கைப்பிடி வாங்கலாம். ஒரு கைப்பிடி."

மச்சான் மெல்லக் கனைத்தார். அந்த ஒரு நொடியில் கண்ணாடிக்காரர் நினைத்ததை நினைத்துப் பிற்பாடு அவரே வெட்கப்பட்டார். 'சித்தப்பா என்னை ஏமாத்திட்டாரே' என்று நினைத்தார். வாரிக் கொடுத்தே பழகிய அந்த மனுஷரையா!

அப்போது சாவிக்கொத்து சத்தம் போட்டது.

"ஏங்க," என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே. "வெளையாட்டு போதும். பாவம், அவங்களுக்கு நேரமாவுது. நீங்க பத்திரமா உள்ள வைக்கச் சொன்னீங்களே, அந்த அசல எடுத்துட்டு வரட்டுமா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"மெருகு போட்டா எப்படி இருக்கும்னு பாக்க, இதே மாதிரி இருக்கிற எங்க ஸ்கூல் துப்பாக்கி ஒண்ண வாங்கி அதுல போட்டுப் பாத்தாருங்க. அசல் மேல கை வைக்க அவருக்கு மனசு வருமா?"

"வ... வருமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

பீரோ திறந்தது. பெண் வீட்டுப் பீரோ. அதற்குள்ளிருந்து, சித்தப்பா விட்டுப்போன அதே நிறத்தில், அதே புகையேறிய பழுப்பில், ஒரு தூசிகூடத் துடைக்காமல், மாப்பிள்ளை வீட்டுத் துப்பாக்கி வெளியே வந்தது.

மதிப்பீட்டு அம்மாளின் முகமே மாறியது. குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். குச்சி குழலின் அடிவரை போனது. நட்சத்திரத்தைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மூணு எடத்துலயும் ஒரே நம்பர். எந்தப் பாகமும் மாத்தல. கட்டையில யாரும் கை வைக்கல. இது கெடைக்கிறதுதான் கஷ்டம். பத்துப் பேர் வீட்டுக்குப் போனா ஒம்பது பேர் தேய்ச்சு வச்சிருப்பாங்க." அவர் விரல் கட்டையின் வலது பக்கத்தில் வந்து நின்றது. "அட! இது என்ன?"

மச்சான் கழுத்தை நீட்டினார்.

கண்ணாடிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. நாக்கு நுனியில் செங்கோல் தயாராக இருந்தது. சொன்னால் தப்பித்துவிடலாம். மனைவியைப் பார்த்தார். அவள் ஆள்காட்டி விரல் பிளாஸ்திரியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த விரல் எதைச் செதுக்கி வெட்டுப்பட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னிடமிருந்து சித்தப்பாவைக் காப்பாற்ற இவள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பொய்க் கரண்டி செதுக்கியிருக்கிறாள். மச்சானிடமிருந்து தன்னையும் இப்போதுதான் காப்பாற்றியிருக்கிறாள். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது.

"கரண்டிங்க" என்றார். "எங்க சித்தப்பா செதுக்கினது. அவரு சுடலைங்க. சமைச்சாரு. ராணுவம் முழுக்க அவர் கையால சாப்பிட்டுது. என் பொண்டாட்டி உயிரோட இருக்கிறதே அவர் கைச் சாப்பாட்டுலதான்."

மச்சான்தான் முதலில் பேசினார்.

"இதச் சொல்ல ஏன் மாப்ள இவ்வளவு வேர்க்குது உங்களுக்கு? அவர் சமையல்காரர்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து அவர் கொண்டுவந்ததுல பாதிய நான்ல சாப்பிட்டேன்! நீங்க போன்ல அந்த ஈ கதை சொன்னப்ப, சாப்பாட்டுல விழுந்த ஈயைத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சேன்."

மதிப்பீட்டு அம்மாள் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"இந்த மாதிரித் துப்பாக்கி ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. ஆனா கரண்டி போட்டது ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. இன்னார் வச்சிருந்தார், இன்ன வேலை செஞ்சார், இன்னார் வீட்டுக்கு வந்துச்சுன்னு எல்லாம் ஒட்டுக்கா தெரியிற துப்பாக்கிக்கு மதிப்பே தனி. இந்தக் கரண்டிய மட்டும் தேய்ச்சிருந்தீங்கன்னா, அந்த பீரோவோட ஒரு கால் வாங்கியிருக்கலாம். இப்ப..." பீரோவை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "இதே மாதிரி மூணு பீரோ வாங்கலாம். விக்கிறீங்களா?"

"மாட்டேங்க" என்றார் கண்ணாடிக்காரர். யோசிக்காமல் அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

மச்சான் எழுந்தார். துப்பாக்கியின் அருகே போனார். பழுப்பேறிய கட்டையைத் தன் விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"நல்ல மரம், மாப்ள" என்றார். "இப்ப கெடைக்காது."

அந்த இரண்டு தட்டும் கண்ணாடிக்காரர் நெஞ்சில் போய் விழுந்தன. சித்தப்பாவுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டார்.

எல்லோரும் போன பிறகு அவர் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை பூசி மெழுகாமல் நேராகவே சொன்னார்.

"ஏம்மா, நீ இல்லேன்னா நான் இன்னைக்கு என் வீட்டு மானத்த என் கையாலயே தேய்ச்சு எடுத்திருப்பேன். சித்தப்பாவுக்கும் துரோகம், உனக்கும் துரோகம். நீ எனக்குக் கெடைச்சது என் பாக்கியம். நெஜமாச் சொல்றேன்."

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள். அவளுக்கும் கண் ஈரமாக இருந்தது. "உங்களுக்கு மனசு நல்ல மனசுதான். கண்ணுதான் கொஞ்சம்..."

"கண்ணப் பத்திப் பேசாத. அது சரி, ஸ்கூல் துப்பாக்கிய எப்படிக் குடுத்தாங்க? கேக்காம எடுத்துட்டியா?"

"ஐயய்யோ! நான் எதையும் கேக்காம எடுப்பேனா? பெரிய டீச்சர்கிட்ட சொல்லித்தான் எடுத்தேன். ஆண்டு விழா அணிவகுப்பு வருது, துப்பாக்கியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு, மெருகு போட ஆள் கெடைக்கலையேன்னு அவங்களுக்கு ஒரே கவலை. மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு காட்டுறோம்னு சொன்னேன்."

"காட்டுனியா?"

"போட்டோ அனுப்பினேன். உங்க கைவேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்."

கண்ணாடிக்காரர் பெருமையாகச் சிரித்தார். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? சிரித்து முடிப்பதற்குள் வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்தார். உள்ளே என்னவோ கட்டுக்கட்டாகக் கடகடவென்று சரிந்தது.

மனைவி எழுந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகி, அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"மீதி முப்பத்தொம்பதும் வந்துடுச்சுங்க. கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. கீறல் விழுந்துடும்."